ஒன்பதாம் கேள்விக்கு நீ சொன்ன பதில்

தம்பி,

நீ சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதை உன் அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரே போனை என் கையில் திணித்தார். "நல்லாருக்கியாடா" என்று கேட்டேன். "ம்" என்றாய். "சாப்புட்டியா" என்றேன். "ஆச்சு" என்றாய். அப்பா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு அங்கே மழையா வெயிலா என்று விசாரிக்கத் தொடங்கினார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நீ ஊரில் இருந்தபோதும் மூன்று வருஷமாக இதே இரண்டு சொல்தான் எனக்குக் கிடைத்தது. காலனியில் எல்லாரும் "டீச்சர் மவன் அமைதியான புள்ள" என்று மெச்சுகிறார்கள். நீ எங்கே அமைதியான பிள்ளை? பால்வாடியில் மற்ற பிள்ளைகளோடு உன்னையும் உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால், ஆனைக்கு ஏன் நாலு கால், அஞ்சு ஏன் இல்லை என்று குறுக்கே நின்று என்னைப் பாடாய்ப் படுத்தியவன் நீ. அந்த வாயை அடைத்தவள் நான். எப்படி அடைத்தேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றுவரை நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் பால்வாடிக்கு ஒரு பெண் வந்தது. தோளில் பை, கையில் அச்சடித்த புத்தகம். வேறொரு கடற்கரைக் காலனியில் வாலிபப் பிள்ளைகளின் அடிதடியைக் குறைக்க ஒரு திட்டம் தொடங்கப்போகிறார்களாம். "இந்தக் காலனியில சண்ட சுத்தமா நின்னுபோச்சுன்னு இதுல போட்டிருக்கும்மா. நீங்கதான் கேள்வி கேட்டு எழுதினீங்களாமே? எப்படி நின்னுச்சுன்னு சொன்னீங்கன்னா நாங்களும் அதே மாதிரி செய்வோம்" என்றது. புத்தகத்தை விரித்துக் காட்டியது. நம் வாலிபால் மைதானம், இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் படம். நீ கடைசி வரிசையில் உன் கூட்டாளி மதிக்குப் பின்னால் நிற்கிறாய். உன் இடது கை அவன் முதுகில் மறைந்திருக்கிறது. அது கட்டுப்போட்ட கை. "கைய அவன் பின்னாடி வச்சுக்கடா, படத்துல தெரியுது" என்று கேமராவுக்குப் பக்கத்திலிருந்து சொன்னது உன்னைப் பெற்றவள். அந்தப் பெண்ணின் முன்னால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய், பிள்ளைகளின் சத்துமாவு டின்னைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன்.

இதை நீ மட்டும் படிப்பதற்காக எழுதவில்லை. ஊரறிய எழுதுகிறேன். அதனால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். சுனாமிக்குப் பிறகு, தனித்தனியாக இருந்த இரண்டு மீனவக் கிராமங்களை ஒரே காலனியில் குடிவைத்தார்கள். வரிசை வரிசையாகச் சிமென்ட் வீடு, நடுவில் ஒரே தெரு, இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரே தண்ணீர்க் குழாய். வலைப் பிரச்சினையில் தாத்தா காலத்திலேயே முகம் கொடுத்துப் பேசாத இரண்டு ஊர். அங்கே இருந்த பகை இங்கே எதிர்வீட்டுக்காரனோடு என்று ஆனது. சாயங்காலம் குழாயடியில் பெண்பிள்ளைகள் குடம் வைப்பார்கள், அவர்களைச் சாக்காக வைத்துப் பையன்கள் கூடுவார்கள், ஒருவன் ஒரு சொல் விடுவான், அவ்வளவுதான். இதைத் தணிக்கத்தான் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. கேரம்போர்டு, வாலிபால், வாரம் ஒரு கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாண்டிச்சேரியிலிருந்து அமலன் என்று ஒரு பையன். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தால் பயப்படுகிற பையன். அவன் பெரிதாக ஒன்றும் செய்ததாகத் தெரியாது. சாயங்காலமானால் குழாயடியில் வந்து நிற்பான். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். எவனாவது குரலை உயர்த்தினால் அவன் தோளில் கைபோட்டு, "வா, ஒரு டீ குடிச்சுட்டு வந்து சண்ட போடு" என்று அழைத்துப் போய்விடுவான். திரும்பி வரும்போது சண்டை ஆறிப்போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையானால் அவன் பாண்டிச்சேரிக்குப் போய்விடுவான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த ஊர்ப் பையன்கள் நாலு பேர் உன்னை அடித்தார்கள். மதிதான் உன்னைத் தாங்கிக்கொண்டு வந்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது, இடது கை தொங்கியது. நான் பதறினேன், அழுதேன், அதெல்லாம் உண்மை. ஆனால் ஆட்டோவில் ஏறும்போதே உன் காதில் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஆஸ்பத்திரியில கேட்டா போட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு." டாக்டர் உன்னிடம்தான் கேட்டார், நீ வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். அடிதடி என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும், ஸ்டேஷனுக்குப் போனால் ஊர்க் கட்டுப்பாட்டை மீறியதாகும். அந்த வருஷத்து ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துப் பார்த்தால் நம் காலனிப் பையன்களைப் போல வழுக்கி விழுகிறவர்கள் உலகத்திலேயே இருக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து போட்டில் நடக்கிற பிள்ளைகள், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைதான் வழுக்கி விழுந்தார்கள்.

மூன்றாம் நாள் இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் கோயிலுக்கு முன்னால் கூடினார்கள். நம் பக்கத்துக்குப் பேசியது உன் மாமா, என் கூடப்பிறந்த அண்ணன். நியாயம் உன் பக்கம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கூட்டத்தின் காலில் விழுந்து கும்பிட்டால் அந்த ஊர் பொறுக்காது, மறுநாளே அரிவாள் வரும் என்று பயந்தார். அதனால் இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டும் என்று முடித்தார்கள். உன்னை அடித்த நாலு பேர் விழுந்தார்கள். பிறகு நீயும் விழுந்தாய், ஒரு கையை ஊன்ற முடியாமல், ஒருக்களித்து. கற்பூரத்தை அணைத்துவிட்டு உன் மாமா சொன்னார்: "ரெண்டு பக்கமும் விழுந்து எந்திரிச்சாச்சு. இத்தோட பேச்சு முடிஞ்சுது. இனிமே இதப் பத்தி எவன் வாயத் தொறந்தாலும் அவன்தான் குத்தவாளி." பெண்கள் கூட்டத்தில் நின்று நானும் தலையாட்டினேன். நம் ஊர் வழக்கத்தைப் பழிக்க நான் வரவில்லை. அந்த வழக்கம் எத்தனையோ தடவை வெட்டுக்குத்தைத் தடுத்திருக்கிறது. ஆனால் அதில் ஒன்று உண்டு. பேசி முடித்த விஷயம் நடக்காத விஷயமாகிவிடும். அடித்தவனுக்கும் அது நடக்கவில்லை, அடிபட்டவனுக்கும் நடக்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லக்கூட அடிபட்டவனுக்கு வழியில்லை.

இது நடந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த நிறுவனத்தார் திட்டத்தால் பலன் உண்டா இல்லையா என்று பார்க்க வந்தார்கள். ஸ்டேஷனில் பார்த்தார்கள், நம் காலனிப் பெயரே அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், வழுக்கி விழுந்தவர்கள்தான் இருந்தார்கள். மூன்றாவதாகப் பையன்களையே ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும் என்று ஒரு படிவம் அடித்துக்கொண்டு வந்தார்கள். வெளியாள் கேட்டால் பையன்கள் சொல்ல மாட்டார்கள், பால்வாடியில் சொல்லிக்கொடுத்த டீச்சர் கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள் என்று என்னைப் போட்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமை! சலவைச் சேலை கட்டிக்கொண்டு, அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு, பெரிய அதிகாரி மாதிரி உட்கார்ந்தேன். அமலன் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "அக்கா, உள்ளத உள்ளபடி எழுதுங்க. குறையலன்னா குறையலன்னே எழுதுங்க. நான் நிக்கிறதால குறையுதா, இல்ல என் கண்ணுக்கு மறைச்சுச் செய்றாங்களான்னு எனக்கே தெரியல. தெரிஞ்சாதான் அடுத்து என்ன பண்றதுன்னு யோசிக்க முடியும்." நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், பிழைப்புப் போய்விடுமோ என்று பயப்படுகிறான், நல்ல மார்க்காகப் போட்டுக் கொடுப்போம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கினவனை மேல் வகுப்புக்கு அனுப்புவது மாதிரி, பலன் நன்றாக இருந்தால் திட்டத்தையும் நீட்டிப்பார்கள் என்று என் அறிவு கணக்குப் போட்டது.

பையன்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒன்பதாவது கேள்வி: கடந்த ஆறு மாதத்தில் யாராவது உன்னை அடித்தார்களா? எல்லாரும் "இல்ல டீச்சர்" என்றார்கள். மதி இல்லை என்றான். உன்னை அடித்தவர்களில் ஒருவன், நெற்றியில் தையல் போட்ட வடுவோடு வந்து உட்கார்ந்து, இல்லை என்றான். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பேசி முடித்ததை எப்படிச் சொல்வார்கள்? இது எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான், அந்த இடத்தில் என்னை உட்காரவைத்ததே அதற்காகத்தான். "இந்தக் கேள்விய இப்படிக் கேட்டா இந்த ஊர்ல பதில் வராதுங்க, வேற மாதிரி கேளுங்க" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இல்லை, இல்லை என்று கட்டம் நிறைய நிறைய எனக்கு மனசு குளிர்ந்தது.

கடைசி நாள் மத்தியானம் நீ வந்தாய். பால்வாடிப் பிள்ளைகள் படுக்கும் சின்னப் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். கட்டுப் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எட்டுக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாய். ஒன்பதாவதைக் கேட்டேன்.

"ஆமா."

பேனாவை நிறுத்தி உன்னைப் பார்த்தேன். "டேய், அது பேசி முடிச்சது."

"கேக்குறது நீதானம்மா. கேட்டா சொல்லத்தான வேணும்?" என்றாய். பிறகு நான் கேட்காமலேயே, தரையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினாய். "மூணு பேரு புடிச்சுக்கிட்டானுவம்மா. ஒருத்தன்..."

"சரி, சரி" என்று உன் பேச்சை வெட்டினேன். குனிந்து 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"இல்லன்னா போட்ட?"

"பத்தாவது கேள்வி" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாக் கேள்விக்கும், நான் வாசித்து முடிக்கும் முன்பே, "இல்ல", "இல்ல" என்றே சொன்னாய். கடைசிக் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. 'மனம்விட்டுப் பேச உன் வீட்டில் யாராவது இருக்கிறார்களா?' நீ "இல்ல" என்றாய். நான் 'உண்டு' என்று போட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாய், அன்றிலிருந்து "ம்", "ஆச்சு". கோயிலுக்கு முன்னால் உன்னை விழவைத்தது ஊர். அது ஊரின் நெருக்கடி. ஆனால் உன்னைப் பார்த்து உனக்கு என்ன நடந்தது என்று நீயே பதில் சொல்லும்படி முதல் தடவையாக ஒரு காகிதம் கேட்டது, அந்தக் காகிதம் என் கையில் இருந்தது. நீ என்னை நம்பிச் சொன்னாய். இதை எழுதும்போது கூசுகிறது.

முடிவு வந்தது. அடிதடி இல்லவே இல்லை என்று வந்தது. நிறுவனத்தார் ஸ்வீட் கொடுத்தார்கள், அந்தப் படத்தை எடுத்தார்கள். மைதானத்துக்குப் போய்விட்டு வந்தால் கை வலிக்கிறது என்று பிரித்த கட்டை நீ மறுபடி போட்டுக்கொண்டிருந்த நாள் அது. அடுத்த மாதமே, இங்கே வேலை முடிந்தது, தேவைப்படுகிற வேறு இடத்துக்குப் போகிறோம் என்று மூட்டையைக் கட்டினார்கள். நான் போட்ட நல்ல மார்க்கே அமலனை வண்டி ஏற்றிவிட்டது. போகும்போது அவன் பால்வாடிக்கு வந்தான். "உண்மையிலேயே ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லலையாக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "சந்தோஷம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்குச் சந்தோஷமில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நீ ஒருத்தன் சொன்ன ஆமாம் அவன் கையில் கிடைத்திருந்தால், அவன் தோண்டிக் கேட்டிருப்பான். சண்டை அவன் இல்லாத நாளில்தான் வருகிறது, அவன் நிற்பதுதான் மருந்து என்று தெரிந்திருக்கும். திட்டம் தோற்றது என்றுகூட ஆகியிருக்காது. ஜெயித்த இடம் எது என்று தெரிந்திருக்கும்.

அவன் போன ஆறாம் மாதம் குழாயடியில் மதிக்கு அடி விழுந்தது. டீ குடிக்கக் கூப்பிட யாரும் இல்லை. பாட்டில் உடைத்துக் கையில் இறக்கிவிட்டார்கள். நரம்பு போய்விட்டது. கயிறு பிடித்து வலை இழுக்க வேண்டிய வலது கையில் இன்றைக்கும் விரல் மடங்காது. துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற இடத்தில் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்தால் இடது கையைத் தூக்கி, "டீச்சர், தம்பி போன் பண்ணுச்சா?" என்பான். பண்ணினான் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் அவனும் போட்டில் வழுக்கித்தான் விழுந்தான். கூட்டம் கூடியது. அவனும் விழுந்து எழுந்தான். பேச்சு முடிந்தது.

இத்தனை நாளாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அமலன் பிழைப்புக்காகச் செய்தேன், ஊர் அமைதிக்காகச் செய்தேன், அண்ணன் பேச்சுக்குக் கட்டுப்பட்டேன் என்று. எல்லாம் சாக்கு. உண்மை இதுதான்: நான் பயந்தேன். முடிந்த பேச்சைத் திறந்தவன் டீச்சர் மகன் என்று தெரிந்தால் ஊரைவிட்டு விலக்கிவைப்பார்கள், உன் அப்பாவிடம் ஒருவனும் போட்டு இன்ஜினை ரிப்பேருக்குக் கொடுக்க மாட்டான், தண்ணீர்க் குழாயில் எனக்கு யாரும் வரிசை விட மாட்டார்கள். அந்தப் பயத்தையும் உன் வீங்கின கண்ணையும் தராசில் வைத்துப் பார்த்து, உன் கண் லேசாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். பெற்றவள் செய்கிற காரியமா இது?

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புத்தகத்தில் இருப்பது பொய், எழுதியவள் நான் என்றேன். அதற்கு முகம் செத்துவிட்டது. பிறகு நோட்டை எடுத்து, "அப்போ எங்க ஊர்ல நாங்க எப்படிம்மா கேக்கணும்?" என்று கேட்டது. அடித்தார்களா என்று கேட்காதே, கோயிலுக்கு முன்னால் எத்தனை தடவை கூட்டம் கூடியது என்று கேள், அதை யாரும் மறைக்க மாட்டார்கள் என்றேன். கடல் நன்றாக இருக்கிற நாளில் எந்தப் பையன் தொழிலுக்குப் போகாமல் வீட்டில் கிடந்தான் என்று பொம்பளைகளிடம் கேள் என்றேன். எவன் குழாயடிக்குப் போகப் பயந்து அக்காளை அனுப்புகிறான் என்று பார். கேட்கிற ஆள் எந்தப் பிள்ளைக்கும் தாயாகவும் சொந்தமாகவும் இருக்கக் கூடாது, அதை முதலில் பார்த்துக்கொள் என்றேன். இவ்வளவும் எனக்கு அன்றைக்கே தெரியும், தம்பி. சாயங்காலமே உன் மாமா காதுக்கு விஷயம் போய்விட்டது. வாசலில் வந்து நின்றார். "ஏ புள்ள, முடிஞ்சத எதுக்குக் கிண்டுற? நாளைக்குக் கூட்டத்துல நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். "என் மவனுக்கு அது முடியலண்ணே" என்றேன். "எனக்கும் முடியல." அவர் திரும்பிப் போய்விட்டார். கூட்டம் கூடினால் போய் நிற்பேன். உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார், அவ்வளவுதான்.

உனக்கும் ஒரு நாள் பிள்ளை பிறக்கும். அது மூக்கில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தால், யார் பார்த்தார்கள் என்று முதலில் கேட்காதே. நான் அதைத்தான் முதலில் கேட்டேன். மருந்து போடு, சோறு போடு, பிறகு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார். அது சொல்ல ஆரம்பித்தால் நடுவில் வெட்டாதே. ஊர் என்ன சொல்லும் என்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது என்று நீ நினைப்பாய். யோக்யதை இல்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

உன் காலில் விழுகிறேன் என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். எழுதவில்லை. நம் ஊரில் விழுந்து எழுந்தால் அதோடு பேச்சு முடிந்துவிடும், உன்னை மறுபடியும் வாயடைத்தவளாகிவிடுவேன். அதனால் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, நீயும் "பரவால்லம்மா" என்று சொல்லிவிடாதே. வரும் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா போனை எடுக்க மாட்டார், நான்தான் எடுப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். மூணு பேரு புடிச்சுக்கிட்டானுவ, ஒருத்தன் என்று சொல்லும்போது உன் பேச்சை வெட்டினேன். அந்த ஒருத்தனிலிருந்து சொல்.

அம்மா